இரண்டு கால் பாக்கி

அறிவியல் கூட்டமைப்பு சுமைதூக்கி மாசாணத்துக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய் ஐம்பது காசு. நான்காம் மாடிக்கு நாற்பத்தொரு நாற்காலி ஏற்றிய கூலி. ஏற்றிப் பதினொரு வருஷம் ஆகிறது. அன்று போன வலது முழங்கால் இன்னும் திரும்பி வரவில்லை.

அன்றைக்குப் பொருளாளர் தாமோதரன் வவுச்சரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கைநாட்டுக்கெல்லாம் காசு கிடையாது. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு வா."

"அரிசி வாங்கணும் ஐயா. இன்னைக்கே வேணும்."

"இன்னைக்கேவா? உனக்கு மட்டும் என்ன, ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?"

மாசாணம் முதியோர் வகுப்பில் சேர்ந்தான். வருஷத்துக்கு இருபத்துச் சொச்சம் எழுத்து. இருநூற்று நாற்பத்தேழும் முடிந்த அன்று கிளம்பி வந்தான்.

கூட்டமைப்பின் நான்காம் மாடித் தாழ்வாரம் சற்று நீண்டிருந்தது. காலையில் நுழைந்தவன் நடந்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. கடைசிக் கதவுக்குப் பின்னால் பரிந்துரைக் குழு கூடியிருந்தது. அடுத்த தலைவர் யார், இந்த வருஷ விருது யாருக்கு என்று சொல்லும் குழு. இரண்டுக்கும் தாமோதரன்தான் என்று முடிவாகியிருந்தது. அவரே கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அறிவியல் தெரியாத கை ஒண்ணு வேணும்," என்றார் குழுவை நடத்திய பேராசிரியர் எஸ்தர். "படிவத்துல பேரை அந்தக் கைதான் எழுதணும். பாரபட்சம் வந்துடக் கூடாதுல்ல. படிவத்துல இருக்கிறபடிதான் ஆளும் இருக்கணும். அதுவும் விதி."

எல்லாரும் கதவைத் திறந்து நின்ற மாசாணத்தின் கையைப் பார்த்தார்கள்.

"இவன் எழுதுவானா?" என்றார் தாமோதரன்.

"இப்போ எழுதுவேன் ஐயா."

மாசாணம் 'த' போட்டான். கால் போடவில்லை. தாமோதரனின் இடது கால் ஷூவோடு மறைந்தது.

"ஏய், கால் விட்டுப்போச்சு!"

"தெரியும் ஐயா."

அடுத்தது 'மோ'. அதற்குக் கொம்பு முன்னால் வரும். இரட்டைக் கொம்பு. போட்டான். தாமோதரனின் நெற்றிக்கு மேல் இரண்டும் முளைத்தன. 'ம' போட்டான். பின்னால் வரவேண்டிய காலை விட்டான். வலது காலும் போயிற்று. மிச்சத்தைப் பிழையில்லாமல் எழுதி முடித்தான்.

எஸ்தர் படிவத்தைப் படித்தார். "தமேதரன்." ஆளைப் பார்த்தார். "பொருந்துது. ஒப்புதல்."

"நான் எப்படிம்மா மேடை ஏறுவேன்?"

"நாற்காலிக்கு நாலு கால் இருக்கே சார். அதோட தூக்கிட்டுப் போயிடலாம்."

"யாரு தூக்குவா?"

எல்லாரும் மறுபடி மாசாணத்தைப் பார்த்தார்கள்.

"பழைய கூலியே வரலீங்க," என்றான்.

தாமோதரன் பெட்டியைத் திறந்தார். கொம்பு மூடியில் இடித்தது. "இந்தாப்பா, ஆயிரத்து எழுநூத்து நாப்பது. காலைப் போட்டுக் குடுத்துடு சாமி."

"ஐம்பது காசு?"

"சில்லறை இல்லையேப்பா."

மாசாணம் நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினான். எச்சில் தொட்டு மூன்றாம் தரமும் எண்ணினான்.

"கால் ரூபாயும் கால் ரூபாயும் அரை ரூபாய். அந்த ரெண்டு காலையும் நான் வச்சுக்கிறேன் ஐயா. கணக்குத் தீந்துச்சு."

வவுச்சரில் கையெழுத்துப் போட்டான். மாசாணம். மாவுக்கு ஒரு கால், சாவுக்கு ஒரு கால். இரண்டையும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டான்.

முழங்கால் வலிக்கவில்லை. நான்கு மாடியும் விறுவிறுவென்று இறங்கினான். அரிசிக் கடை மூட இன்னும் நேரம் இருந்தது.