நாய் படுத்த பாத்தி

எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். 1994-இல் அடி அண்ணாமலை சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்தபோது அந்த ரோஷம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது.

மையத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி முளைக்கீரை போட்டிருந்தோம். மக்கிய குப்பை மட்டும்தான் போட வேண்டும் என்று அதிகாரி காமேஸ்வரி அம்மா பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "யூரியா போட்டா பச்சை ஏறும், சத்து ஏறாது. தண்ணியும் உப்பும்தான் ஜாஸ்தி. போட்ட சூட்டோட அறுத்து, வாயும் வயிறுமா இருக்கறவங்களுக்குக் குடுத்துடாதீங்க." நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

என் கீரையோ வெளிறிக் கிடந்தது. காமேஸ்வரி அம்மா பக்கத்து ஊர் மையத்துக் கீரையைப் பாராட்டிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எங்களிடம் வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கே, வீட்டில் நெல்லுக்கு வைத்திருந்த யூரியாவில் நாலு கை அள்ளி வந்து தூவித் தண்ணீர் விட்டேன். சமையல் செய்யும் சந்திரம்மாள் பார்த்துவிட்டாள்.

"பிள்ளைங்க துன்றது டீச்சர்."

"உன் வேலையப் பாரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை கீரை கரும்பச்சையாக நின்றது. கிரிவலம் வந்தவர்கள்கூட வேலியோரம் நின்று பார்த்தார்கள். காமேஸ்வரி அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "வெறும் குப்பையில இப்படி வருமான்னு கேட்டாங்களே, வந்து பார்க்கட்டும்!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உண்ணாமுலை, எம் பொண்ணுக்கு ஏழு மாசம். ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு கட்டு அறுத்துக் குடும்மா. கடைக் கீரைய நம்ப முடியல."

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் யூரியா அந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் போகும். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். இல்லை, அரிவாளைக் கையில் எடுத்தேவிட்டேன்.

"அது வேணாங்கம்மா" என்று சந்திரம்மாள் குறுக்கே வந்தாள். "காலையில தெருநாய் பூந்து அதுல படுத்துப் புரண்டு அசிங்கம் பண்ணிடுச்சி. நான்தான் படலைச் சாத்தாம வுட்டுட்டேன்."

நாயும் வரவில்லை, படலும் திறந்திருக்கவில்லை.

"பிள்ளைங்க சாப்பிடற இடம்! கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?" பிள்ளைகள் தட்டோடு பார்த்திருக்க, காமேஸ்வரி அம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். சந்திரம்மாள் தரையைப் பார்த்து நின்றாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்தான்.

ஆய்வுப் புத்தகத்தில் எழுதினார்: 'கீரைத் தோட்டம் மிக நன்று. அமைப்பாளருக்குப் பாராட்டு. சமையலர் கவனக்குறைவு, எச்சரிக்கப்பட்டார்.' அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜீப் போனதும் சந்திரம்மாள் பாத்தியில் உட்கார்ந்து கீரையைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட ஆரம்பித்தாள். நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமல் நானும் கீரையைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"நீங்க எழுந்திருங்க டீச்சர்" என்றாள். "புடவை அழுக்காயிடப் போவுது."