உடனிருந்தவள்

கல்லறைத் தோட்டத்திலிருந்து அவள் நேராகப் பதிப்பகத்துக்குத்தான் வந்தாள். அங்கே அவளைக் கோப்டிக்கம்மா என்பார்கள்; கோப்டிக் என்கிற, யாரும் சீந்தாத பழைய எகிப்திய மொழியிலிருந்து ஏடுகளைத் தமிழாக்குவது அவள் வேலை.

பத்தொன்பது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவனை அன்று காலையில் புதைத்திருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ள இருவருக்குமே தோன்றவில்லை, அவ்வளவுதான். வந்தவர்கள் இவள் யாரென்று கேட்டபோது அவனுடைய அக்கா, "தம்பிகூட வேல பாத்தவங்க" என்றாள். பொய்யில்லை. இப்போது அவள் தமிழாக்கும் ஏட்டையும் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மேசையில் ஏட்டின் நகல். ஆதிக் கிறிஸ்தவர் யாரோ எழுதியது. இயேசுவோடு நடந்த ஒரு பெண்ணை, அவருக்கு இன்னார் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறது. தோழி, கூட வேலை செய்பவள், மனைவி என்று எப்படியும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம்.

பதிப்பாளர் வந்து எதிரே உட்கார்ந்தார். "இன்னைக்கு வந்திருக்க வேணாமேம்மா."

"பரவால்ல சார்."

வந்த விஷயத்தை அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "அந்தச் சொல்... மனைவின்னே போட்டுடலாமா? புத்தகம் பிச்சுக்கிட்டுப் போகும்."

"இத எழுதுன ஆளே முன்னாடி ஒரு எடத்துல ஒரு மீனவனோட பொண்டாட்டியப் பத்தி எழுதறான். அங்க மனைவிங்கற சொல்லயே நேரா போட்டிருக்கான். இங்க போடல."

"அப்ப மனைவி இல்லயா?"

"அதையும் அவன் சொல்லல."

"சரி, கூட வேல பாத்தவள்னு வெச்சுக்குவோம்."

"வேணாம்," என்றாள். "அது மட்டும் வேணாம் சார்."

அவர் எழுந்து போய்விட்டார். அவள் 'துணை' என்று எழுதினாள். மற்ற பொருள்களை அடிக்குறிப்பில் போட்டாள், அவளுக்குப் பிடிக்காததையும் விடாமல்.

சாயங்காலம் அவனுடைய அக்கா போனில் கூப்பிட்டாள். "தம்பியோட துணிமணிய எடுக்க நாளைக்கு வரலாமாங்க?"

"வாங்க, அண்ணி."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படி, புருஷனின் அக்காவைக் கூப்பிடுவதுபோல், கூப்பிட்டதில்லை. ஏன் வாயில் வந்தது என்றும் தெரியவில்லை.

"சாப்டியா?" என்றாள் அக்கா, கடைசியில்.

"இன்னும் இல்ல."

"எதாவது வாய்ல போடு."

போனை வைத்தாள். பசிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. எழுந்து, கேன்டீன் திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.