துப்பாக்கிக்குக் காவல் இருந்த ஞாயிற்றுக்கிழமை

எங்க ஊட்டுக்காரர் வெள்ளியங்கிரி நாலு மாசத்துக்கு முன்னாடி துப்பாக்கி ஒண்ணு வாங்குனாருங்க. எங்கிட்டக் கேட்டா வாங்குனார்? காய்கறி வாங்கிட்டு வர்றேன்னு போன மனுசன், கொத்தமல்லியை மறந்துட்டு துப்பாக்கியோட வந்து நின்னார்.

"ஏனுங்க, இது என்னத்துக்கு?"

"பாதுகாப்புக்குப் புள்ள. கிரீன் கார்டு வந்தாச்சு, இனி வாங்கலாம். டெக்சாஸ்ல இருக்கறோம். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இருக்குது."

எல்லார்கிட்டயும் இருக்குதுன்னு வாங்கறதுக்கு அது என்ன ஏர் ஃபிரையரா? எங்களுக்கு ஒரே பொண்ணு, தீக்ஷா, ஒம்பது வயசு. ஊட்ல எந்த டிராயரை எப்பத் திறப்பான்னு சாமிக்குத்தான் தெரியும். அந்தத் துப்பாக்கிச் சனியன் ஊட்டை விட்டுப் போகணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். நாலு மாசமா சண்டை போட்டேன், சாப்பாட்டுல உப்பைக் குறைச்சேன், பேசாமக்கூட இருந்து பாத்தேன். மனுசன் அசையவே இல்லை. "பூட்டுப் போட்டு வச்சிருக்கேன், வெளிய வந்தா என் இடுப்புல இருக்கும். புள்ள கைக்கு எப்படிப் போகும்?"னு ஒரே பாட்டு.

இந்த லட்சணத்துல, பக்கத்துத் தெரு சபரி போன் பண்ணி, "அக்கா, ஞாயித்துக்கிழமை ரெண்டு ஃபேமிலியும் கால்வெஸ்டன் பீச் போலாம்"னான். நான் புளிசாதமா எலுமிச்சை சாதமான்னு யோசிச்சுட்டிருந்தேன். எங்க ஊட்டுக்காரருக்கு வேற கவலை.

"மண்ணு புள்ள, மண்ணு! ஒரு பொடி உள்ள போனாலும் மாட்டிக்கும். உப்புத்தண்ணி பட்டா ரெண்டே நாள்ல துருப்பிடிச்சுரும்."

"அப்ப ஊட்லயே வச்சுட்டு வாங்க."

"ஊட்ல வைக்கறதுக்கா வாங்குனேன்?"

மூணு நாளா உக்காந்து வீடியோவா பாத்தார். கடலுக்குப் போறவங்க எப்படிப் பத்திரமா எடுத்துட்டுப் போகணும், எந்த எண்ணெய் போடணும், எந்தத் துணியில துடைக்கணும்னு அத்தனையும் படிப்பு. ஐ.டி. கம்பெனியில புரமோஷனுக்கு இவ்வளவு படிச்சிருந்தா இந்நேரம் டைரக்டர் ஆகியிருப்பார். தண்ணி போகாத பெட்டி ஒண்ணு, பூட்டோட அறுபது டாலருக்கு இருக்குதுன்னு அதுலயே காட்டுனாங்க. நம்மாளு விலையைப் பாத்தார். "ஒரு டப்பாவுக்கா அறுபது டாலர்?"னு கேட்டுட்டு நேரா என் கிச்சனுக்கு வந்துட்டார். நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடற, உள்ள இருக்கறது வெளிய தெரியாத பிளாஸ்டிக் டப்பா எங்கிட்டப் பத்து இருக்குது, ஒரே செட்டு. அதுல ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டார்.

பீச்சுக்குப் போற வரைக்கும் டப்பா காலியாத்தான் வந்துச்சு, துப்பாக்கி இடுப்புல இருந்துச்சு. காரை மணல்லயே கொண்டுபோய் நிறுத்தற பீச் அது. இறங்குனார், அரை டிராயரை மாட்டுனார், உள்பக்கமா துப்பாக்கியைச் சொருகுனார், கடலைப் பாத்து மூணு எட்டு வச்சார். டிராயர்ல இருந்தது வெறும் எலாஸ்டிக். அது எவ்வளவு கனம்தான் தாங்கும்? சபரி பாவம், பாக்காத மாதிரி மேல பறக்கற பறவையை எண்ண ஆரம்பிச்சுட்டான். அவன் சம்சாரம் ப்ரியம்வதா சிரிப்பை அடக்க முடியாம துண்டை வாயில வச்சுக்கிட்டா.

அதுக்கப்பறம்தான் டப்பா. துப்பாக்கியை ஜிப்லாக் கவர்ல போட்டு, அதை இன்னொரு ஜிப்லாக்ல போட்டு, டப்பாவுல வச்சு, நாலு கிளிப்பையும் டக் டக்குன்னு அழுத்தி, டப்பாவைத் தாம்பூலப் பையில போட்டுக்கிட்டார்.

தாம்பூலப் பையைப் பத்திச் சொல்லணும். சபரி போன வருசம் ஊடு கட்டி கிரகப்பிரவேசம் வச்சான். தேங்காய் பழம் வச்சுக் குடுக்கறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து முந்நூறு பை வந்து இறங்குச்சு. பிள்ளையார் படம் போட்டு, அரக்குக் கலர்ல, கெட்டியான பை. வந்தது எண்பது ஒறம்பரைச் சனந்தான். மிச்சத்தை ஊடு ஊடா தலையில கட்டிட்டான். எங்க ஏரியாவுல ஜிம்முக்குப் போறவங்களும் அந்தப் பையிலதான் ஷூ கொண்டு போறாங்க. அன்னைக்கு பீச்சுல எங்க கூடாரத்துக்குள்ள மட்டும் ஏழு பை. சாதம், தயிர், மாங்கா, மாத்துத்துணி, முறுக்கும் அதிரசமும் வச்ச டப்பா, எல்லாமே பிள்ளையார் பையில. டப்பாவும் என் செட்டு டப்பாதான்.

இவர் பையை நாற்காலிக்கடியில வச்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல இறுக்கிக்கிட்டு உக்காந்தார். கடலைக் கண்ணுல பாத்தாரோ என்னமோ. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா குனிஞ்சு பையைத் தட்டி மண்ணை உதறுவார். குடும்பத்தைக் காப்பாத்த வாங்குனது அது. இப்பக் குடும்பம் தண்ணியில நிக்குது, இவர் அதைக் காப்பாத்திட்டு உக்காந்திருக்கார்!

பதினோரு மணி இருக்கும், பெருங்காத்து அடிச்சு எங்க கூடாரத்தை அப்படியே தூக்கிருச்சு. "ஐயோ புடிங்க புடிங்க"ன்னு நாங்க நாலு பேரும் எந்திரிச்சு ஓடுனோம். இவரும்தான். கூடாரம் பறந்துபோய்ப் பக்கத்துல இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கிட்ட உழுந்துச்சு. அந்தம்மா பேரு ஷெரில், கூட ஆறு வயசுப் பையன் ஒருத்தன். கோவிச்சுக்குவாங்கன்னு பயந்தோம். தங்கமான மனுசி! அவங்க வண்டியில இருந்து நீளக் கம்பியும் சுத்தியலும் எடுத்துட்டு வந்து, முட்டிபோட்டு உக்காந்து, நாலு மூலையும் அடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாங்க. நம்ம ஆம்பளைங்க ரெண்டு பேரும் கயிறைப் புடிச்சுட்டு நின்னாங்க, வேறென்ன.

திரும்பி வந்ததும் இவர் முதல் வேலையா பையைத் தொட்டுப் பாத்தார். டப்பா இருந்துச்சு. மறுபடி காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டார்.

மத்தியானம் தீக்ஷா வந்து கையைப் புடிச்சு இழுத்தா. "அப்பா, யூ ப்ராமிஸ்டு!"னு கண்ணுல தண்ணி வச்சுட்டா. மனசு இளகி எந்திரிச்சவர் எங்கிட்ட, "ஏம்புள்ள, இந்தப் பையை விட்டு நகராத. கண்ணை எடுக்காத"ன்னார்.

"நான் என்ன உங்க துப்பாக்கிக்கு வாட்ச்மேனா?"

"சித்த நேரம் புள்ள."

உக்காந்தேனுங்க. திட்டிட்டே உக்காந்தேன், ஆனா கண்ணை எடுக்கலை. ஒரு நண்டு பக்கத்துல வந்துச்சு, அதைக்கூடத் துரத்துனேன்.

அப்பத்தான் ஷெரில் அம்மா கிளம்புனாங்க. போகும்போது கையை ஆட்டுனாங்க. நமக்கு அவ்வளவு உதவி செஞ்ச மனுசியை வெறுங்கையோட அனுப்ப மனசு வருமா? எங்கம்மா பால்காரருக்கே ஒரு வாழைப்பழமாவது குடுத்துத்தான் அனுப்புவாங்க. ஒரு கையால இவர் பையை அழுத்திக்கிட்டு, இன்னொரு கையை நீட்டி முறுக்குப் பையை எடுத்தேன். கனமாத்தான் இருந்துச்சு. அதிரசம் இருக்குதுல்ல, அதான்னு நெனச்சேன். "ஸ்நாக்ஸ்! ஹோம் மேடு! ஃபார் யுவர் சன்!"னு ரெண்டு கையாலயும் பையன்கிட்டயே குடுத்தேன். அந்தப் பையன் அங்கயே குதிச்சான். அவங்க என்னைக் கட்டிப் புடிச்சுட்டுப் போனாங்க. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

கால் மணி நேரம் கழிச்சு இவர் ஈரத்தோட வந்தார். "மண்ணு கிண்ணு போயிருக்குதான்னு பாக்கறேன்"னு டப்பாவைத் திறந்தார்.

உள்ள முறுக்கு இருந்துச்சு.

நான் முறுக்கைப் பாத்தேன், அவர் என்னைப் பாத்தார். "ஐயோ சாமி, நான் குடுத்துட்டேனுங்க. அந்தப் பையன் கையிலயே குடுத்துட்டேனுங்க!" முறுக்கு டப்பாவைத் தூக்கிட்டு எந்திரிச்சு ஓடுனேன். ஏன் டப்பாவைத் தூக்கிட்டு ஓடுனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

பீச்சை விட்டு வெளிய போற வழி ஒண்ணுதான், அதுல வண்டி வரிசையா நின்னுச்சு. சுடுமணல்ல, செருப்பு இல்லாம, நனைஞ்ச சுடிதார் கால்ல சிக்க, "ஷெரில்! ஸ்டாப்! டோன்ட் ஈட்!"னு கத்திக்கிட்டே ஓடுனேன். பின்னாடியே இவர், ஒரு கையில டிராயரைப் புடிச்சுக்கிட்டு. கார்ல இருந்தவங்க எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தாங்க. எடுக்கட்டும். முருகா, அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுங்கறது மட்டும்தான் எனக்கு.

எட்டாவது வண்டி அவங்களோடது. பின் சீட்டுல பையன் டப்பாவை மடியில வச்சிருந்தான். மூணு கிளிப்பு திறந்திருந்துச்சு. நாலாவது கிளிப்பைப் பல்லால கடிச்சு இழுத்துட்டிருந்தான்.

நான் கதவைத் திறந்து டப்பாவைப் புடுங்குனேன். அவன் வீல்னு அழுதான். ஷெரில் அம்மா இறங்கி வந்து, "என்ன ஆச்சு, அவனுக்கு ஒத்துக்காத சாமான் ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. மூடியைத் தூக்கிக் காட்டுனேன். அவங்க முகம் அப்படியே வெளிறிப் போச்சு. துப்பாக்கியை எடுத்து, தரையைப் பாத்துப் புடிச்சு, கடகடன்னு குண்டை எல்லாம் எடுத்து இவர் கையில தனியாக் குடுத்தாங்க. பழகுன கை.

அப்பறம் எங்கிட்டத் திரும்பி, "உங்களுக்குக் குழந்தை இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"ஒரு பொண்ணு. ஒம்பது வயசு."

இவரை ஒரு பார்வை பாத்தாங்க. கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது. பையன் இன்னும் அழுதுட்டே இருந்தான். என் கையில இருந்த நிஜ முறுக்கு டப்பாவை நீட்டுனேன். அவங்க வாங்கி, திறந்து, ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டுத்தான் அவன்கிட்டக் குடுத்தாங்க. குடுத்தாங்களே, அதுவே பெரிய மனசு.

ஊட்டுக்குத் திரும்பும்போது கார்ல மூணே பேருதான். குண்டு முன்னாடி டேஷ்போர்டுல, துப்பாக்கி டிக்கியில. பத்து மைல் தாண்டியிருப்போம். அப்பறம் இவர் மெதுவா ஆரம்பிச்சார். "நீ பாத்துக் குடுத்திருக்கணும் புள்ள."

வந்துச்சு பாருங்க எனக்கு! "ஏனுங்க, நீங்க சொன்ன பையை நான் உசுரைக் குடுத்துக் காத்தேன். கண்ணை எடுக்கலை. அதுக்குள்ள முறுக்கு எப்படி வந்துச்சு? நீங்கதான் எந்தப் பையில போட்டோம்னே தெரியாமப் போட்டிருக்கீங்க!"

"நானே போட்டேன், நானே கிளிப்பை அழுத்துனேன். அது தானா நடந்து போச்சா?"

"அப்ப நான் மாத்துனேங்கறீங்களா?"

"நீ மாத்தலைன்னா வேற யாரு?"

"ஐ டிட்"னு பின்னாடி இருந்து தீக்ஷா சொன்னா.

கண்ணாடியில அவளைப் பாத்தோம். ஐபேடுல ஏதோ விளையாடிட்டே, சாதாரணமாத்தான் சொன்னா. கூடாரம் பறந்து நாங்க எல்லாரும் ஓடுனப்ப அவளுக்குப் பசிச்சிருக்குது. மாங்கா எந்த டப்பாவுலன்னு ஒவ்வொண்ணா எடுத்துத் திறந்திருக்கா. திரும்ப வைக்கும்போது பை மாறிருச்சாம். இவ்வளவையும் இங்கிலீஷ்லதான் சொன்னா. அப்பறம் அவங்கப்பாவுக்கு வருத்தமா இருக்குமேன்னு, ஆறுதலுக்குத் தமிழ்ல ஆரம்பிச்சா.

"மண்ணு ஒண்ணும் போகலைப்பா. நான் வெளிய எடுத்து செக் பண்ணேன். அந்த ஓட்டையில மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. கராஜ்ல நீங்க ஊதுவீங்கல்ல, அதே மாதிரி வாயை வச்சு ஊதிட்டேன். அப்பறம் கவர்ல போட்டு, நாலு கிளிப்பும் போட்டேன். டைட்டா."

இவர் ஃப்ரீவே ஓரமா காரை நிறுத்துனார். கதவைத் திறந்துட்டு இறங்கிப் போய்ப் புல்லுல குத்தவச்சு உக்காந்துட்டார். நாலு மாசமா நான் சேத்து வச்சிருந்த திட்டு அத்தனையும் அங்கயே மறந்து போச்சு. பின் கதவைத் திறந்து புள்ளையை இழுத்து நெஞ்சோட வச்சுக்கிட்டேன்.

"அம்மா, ஆம் ஐ இன் ட்ரபிள்?"னு கேட்டா.

"இல்ல கண்ணு. நீ இல்ல."

ரொம்ப நேரம் கழிச்சு எந்திரிச்சு வந்தவர், வண்டிச் சாவியை எங்கிட்ட நீட்டுனார். பக்கத்து சீட்டுல உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, என் முகத்தைப் பாக்காமயே கேட்டார். "துப்பாக்கிக் கடை ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு பாரு புள்ள. திருப்பி வாங்கிக்குவாங்களான்னும் கேளு."