விளக்கண்ணன் வேண்டாம் என்றால்

செத்துப்போனவர்களைத் திட்டக்கூடாது என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். அவர்களுக்கென்ன? விளக்கண்ணனோடு ஆறு வருடம் குப்பை கொட்டியவள் நான். உயிரோடு இருக்கும்போது என் பிராணனை வாங்கியது போதாதென்று, பெட்டிக்குள் படுத்துக்கொண்டும் வாங்கினார் அந்த மனிதர். திட்டாமல் கொஞ்சவா முடியும்?

நாங்கள் பேஸ்பால் ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டுகிறவர்கள். போனில் ஒரு குழு, அறுபது எழுபது பேர் இருப்போம். யாருக்கும் யாருடைய சொந்தப் பெயரும் தெரியாது. தைனான் நகரத்தில் பால்மீன் கஞ்சிக் கடை வைத்திருப்பதால் நான் மீன்கஞ்சி. பக்கத்து ஊரான சியாயியில் டாக்ஸி ஓட்டும் ஒருத்தன் தனக்குத் தானே கெட்டிக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்ச நேரத்தில் நீங்களே பார்ப்பீர்கள். விளக்கண்ணனின் முழுப்பெயர் கால்மாட்டு விளக்கு. பிணத்தின் கால்மாட்டில் ஏற்றி வைப்போமே, அந்த விளக்கு. குழு அவருக்குச் சூட்டிய பட்டம் அது. அவர் எந்த அணியின் பெயரைச் சொல்கிறாரோ அந்த அணிக்கு அன்றைக்குச் சாவு நிச்சயம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுறா அணி ஜெயிக்கும் என்பார், சுறா மண்ணைக் கவ்வும். சரி, நாளைக்குச் சுறா தோற்கும் என்பார், அவர்கள் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துத் தள்ளுவார்கள். பத்துக்கு எட்டு தடவை தப்பு. பத்துக்கு எட்டு தடவை சரியாகச் சொல்கிறவனை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை, தப்பாகச் சொல்கிறவர் எங்களுக்கு வாய்த்திருந்தார். மத்தியானம் அவர் ஒரு அணியின் பெயரைப் போடுவார். குழு மொத்தமும் எதிர் அணியில் கட்டும். அவர் மட்டும், தான் சொன்ன அணியிலேயே நூறு டாலர் கட்டித் தோற்பார். ஆட்டம் முடிந்ததும், "எல்லாரும் ஜெயிச்சீங்களா?" என்று ஒரு வரி வரும். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்கு சியாயியிலிருந்து ரயிலேறி என் கடைக்கு வந்துவிடுவார். சர்க்கரை ஆலையில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். மீனின் வயிற்றுத் துண்டாகப் பொறுக்கிப் போடச் சொல்லி, சாப்பிட்டு முடித்த பிறகும் நாற்காலியை விடாமல் பேசிக்கொண்டிருப்பார். "இன்னிக்கு மழை வராது மீன்கஞ்சி" என்பார். நான் ஓடிப்போய்க் காயும் துணிகளை எடுத்து உள்ளே போடுவேன். "இந்த வாரம் வெங்காயத்தாள் விலை எறங்கிடும்" என்பார். நான் அன்றைக்கே இரண்டு மூட்டை வாங்கிப் போடுவேன்.

"ஏன் அண்ணே, ஒரு தடவையாவது வாயிலே நல்லது வராதா?"

"வரும் வரும். அடுத்த வாரத்துலேர்ந்து பாரேன்."

அடுத்த வாரமும் வராது.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. போனில் பேச்சோடு பேச்சாக அவரிடம் சொல்லியிருந்தேன். டாக்டரிடம் போக எனக்குப் பயம், கடையைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் திங்கட்கிழமை வந்தார். கஞ்சியைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அது வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர்கிட்ட எல்லாம் போகாதே" என்றார்.

அப்படியே ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். வாசலில் கெட்டிக்காரனின் டாக்ஸி நின்றிருந்தது. எப்போதும் ரயிலில் வருகிற மனிதர் அன்றைக்கு டாக்ஸி பிடித்து வந்திருக்கிறார், வண்டியைப் போகவிடாமல் நிறுத்தியும் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் மூணு மாசம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். தன் ராசி தனக்குத் தெரிந்த மனிதர் இவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் ஆகியும் குழுவில் அணியின் பெயர் வரவில்லை. "விளக்கண்ணே, திரி போட மறந்துட்டீங்களா?" என்றான் ஒருவன். "ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது, எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றான் இன்னொருவன். சாயங்காலம் அவருடைய போனிலிருந்து பதில் வந்தது. "நான் அவருடைய மகள். அப்பா இன்று காலை மாரடைப்பில் இறந்துவிட்டார்."

அறுபது எழுபது பேரும் அதை இரண்டு மூன்று தடவை படித்தோம். அப்போது கெட்டிக்காரன் கேட்டான்: "ரொம்ப வருத்தமா இருக்குங்க. எந்த டீம்னு ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?"

அவனை நான் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

இறுதிச் சடங்கு ஒரு திங்கட்கிழமை வந்தது. இருபது பேர் சியாயிக்குப் போனோம். அங்கே போன பிறகுதான் அவர் பெயர் ஜியென் வான்-ஷுன் என்று தெரிந்தது. வாசலில் மேஜை போட்டு, அவருடைய அண்ணன் மகன் வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, துக்கத்துக்குப் பணம் வைத்த வெள்ளை உறைகளை வாங்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் உறைகளில் எழுதியிருந்த பட்டப்பெயர்களைப் பார்க்கிறான்: கெட்டிக்காரன். ஒன்பதாவது இன்னிங்ஸ். மாமியாருக்குத் தெரியாது. அவன் நிமிர்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்தான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. மலர்வளையம் வாங்குகிற பொறுப்பைக் கெட்டிக்காரனிடம் விட்டிருந்தோம். ஆளுயர வளையம், வெள்ளை ரிப்பனில் கொட்டை கொட்டையாக எழுத்து: 'எங்கள் கால்மாட்டு விளக்கு அண்ணனுக்கு.' இழவு மண்டபத்தில், பிணத்துக்குப் பக்கத்தில்.

துக்க உடையில் ஒரு பெண் அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். விளக்கண்ணனின் அதே அகன்ற நெற்றி.

"இது யாரு அனுப்பினது?"

கெட்டிக்காரன் முன்னால் போய், "நாங்கதாங்க" என்றான், பரிசு வாங்கப் போகிறவனைப் போல.

"எங்கப்பாவைப் பொண விளக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"மரியாதையாத்தாங்க எழுதியிருக்கோம். அண்ணன்னு போட்டிருக்கு பாருங்க."

"நீங்கதான் அந்தச் சூதாட்டக் கூட்டமா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் மோசம். "உங்களாலதான் நானும் எங்கப்பாவும் ரெண்டு வருஷமாப் பேசலை. பின்னாடி போய் உட்காருங்க. எதையும் தொடாதீங்க."

பின்னால் போய் உட்கார்ந்தோம். அவள் பெயர் பெய்ரூ, வடக்கே தாவ்யுவானில் வேலை பார்க்கிறாள், ஒரே பிள்ளை என்று பக்கத்து வரிசையில் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது.

பூசாரி மந்திரம் முடித்து, ஊர்வலம் புறப்பட வேண்டிய நேரத்தில் தகராறு ஆரம்பித்தது. இறந்தவரின் பெயர் எழுதிய பலகையை ஏந்திக்கொண்டு போவது மகனின் வேலை. மகன் இல்லாவிட்டால் அண்ணன் மகன். பெய்ரூ, "நான்தான் எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போவேன்" என்றாள். அவளுடைய பெரியப்பா கையை ஆட்டினார்.

"பொம்பளைப் புள்ளை தூக்குற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்லை. அதுவும் ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காத புள்ளை."

"இப்பல்லாம் தூக்குறாங்க பெரியப்பா."

"எதுக்கு வாதம்? அவனையே கேட்டுடுவோம்."

பூசாரி தட்டிலிருந்து இரண்டு பத்து டாலர் காசுகளை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஒன்று தலையும் ஒன்று எண்ணுமாக விழுந்தால் இறந்தவருக்குச் சம்மதம். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தால் இல்லை. பெய்ரூ முட்டி போட்டு, அப்பாவின் படத்தைப் பார்த்து, "அப்பா, நான் உங்களைத் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டுக் காசுகளைப் போட்டாள்.

இரண்டும் தலை.

மறுபடி கேட்டாள். இரண்டும் எண். மூன்றாவது தடவை காசுகளை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக் கேட்டுப் போட்டாள். இரண்டும் தலை.

"போதும். அவனுக்கு இஷ்டமில்லை" என்றார் பெரியப்பா. மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஆனால் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். "அப்பாடா, பொண்ணுதான். முடிஞ்சுது" என்றான் ஒன்பதாவது இன்னிங்ஸ். பழக்க தோஷம்.

பெய்ரூ எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "வராதே வராதேன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. இப்பவும் அதையேதான் சொல்றாரு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எதையும் தொடாதே என்று அவள் சொன்னதெல்லாம் மறந்து, முன்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்பம்மா சொன்னாரு?"

யார் கேட்கிறார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை. "சண்டை போட்ட அன்னிக்குச் சொன்னாரு. அப்புறம் அவர் போறதுக்கு மூணு நாள் முந்தி போன் பண்ணாரு. ரெண்டு வருஷம் கழிச்சு. நெஞ்சு லேசாக் கரிக்குது, மத்தபடி நான் நல்லாத்தான் இருக்கேன், நீ ஒண்ணும் வர வேண்டாம்னாரு. சரிப்பான்னு வெச்சிட்டேன்."

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்று படத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"யோவ்! உமக்கு மூளை இருக்கா? முகம் தெரியாத அறுபது பேருக்கு உம்ம பேச்சைத் திருப்பிப் போட்டுப் பாக்கத் தெரியும். பெத்த பொண்ணுக்குச் சொல்லித் தரலையா? எனக்குப் போகாதேன்னு சொல்லிட்டு வாசல்ல டாக்ஸிய நிறுத்தி வெச்சீரே, இவளுக்கு வராதேன்னா, ஒரு ரயில் டிக்கெட்டாவது வாங்கி அனுப்பியிருக்கக் கூடாதா? எல்லாத்துலயும் தப்பு, இதுலயுமா?"

"யாரும்மா நீ?" என்றார் பெரியப்பா.

"மீன்கஞ்சி" என்றேன். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

பெய்ரூவிடம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். சுறா அணி, மழை, வெங்காயத்தாள், என் கட்டி, வாசலில் நின்ற டாக்ஸி. "அந்த மலர்வளையத்துல எழுதியிருக்கிறது வசவு இல்லம்மா. அவர் வேண்டாம்னா வேணும்னு அர்த்தம். வராதேன்னா, வான்னு அர்த்தம். நல்லா இருக்கேன்னா..." அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஐயோ, என் நாக்கில் சூடு வைக்க. ஆறுதல் சொல்ல வந்தவள் பேசுகிற பேச்சா அது?

கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள். "அப்போ நான் எப்படித்தான் கேக்கறது?"

"நேராக் கேக்காதே. உன் பெரியப்பா மகனே தூக்கட்டுமான்னு கேளு."

பெரியப்பாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எப்படி இருக்கும்? பெய்ரூ காசுகளை எடுத்தாள். "அப்பா, அண்ணனே உங்களைத் தூக்கட்டும். நான் ஊருக்குப் போறேன்." காசு ஒன்று காலடியிலேயே விழுந்தது. இன்னொன்று உருண்டு ஓடி, முன்னால் வந்து நின்றிருந்த கெட்டிக்காரனின் செருப்பில் முட்டிச் சாய்ந்தது.

இரண்டும் எண். இல்லை.

பெரியப்பா நம்பவில்லை. தானே வாங்கி, "வான்-ஷுன், என் பையன் தூக்கட்டும்டா" என்று போட்டார். இரண்டும் தலை. இன்னொரு தடவை போட்டார். இரண்டும் எண். பூசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் தாண்டுதுங்க. அவர்தான் தெளிவாச் சொல்லிட்டாரே" என்றார். பெரியப்பா தன் மகனின் தோளைத் தொட்டு அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கெட்டிக்காரன் என் காதருகே குனிந்தான். "அக்கா, ஒரு சந்தேகம். அவர் சொல்றதெல்லாம் தலைகீழ்னா, இப்ப சொன்னதையும் நாம..."

அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

பெய்ரூ பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பலகையில் வெயில் படாதபடி அண்ணன் மகனே கறுப்புக் குடையை அவளுக்கு மேல் பிடித்தான். மலர்வளையம் இருந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, ரிப்பன் சுருண்டு தரையில் கிடந்ததை, கை இரண்டிலும் பலகை இருந்ததால் காலால் நேராக்கிவிட்டுப் போனாள். கார் வரைக்கும் நான் கூடவே போனேன். பின் இருக்கையில் ஏறி, பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது.

"நீங்க கடையைப் போட்டுட்டு வந்திருப்பீங்க, கெளம்புங்க அக்கா. எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். கூட யாரும் வர வேண்டாம்."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது. நான் மறுபக்கத்துக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.