படிக்கட்டு இல்லாத கட்டடம்

மகளின் கழுத்தில் அவர் அழுத்தியிருந்த துண்டு நனைந்து, விரலிடுக்கு வழியே ரத்தம் வந்துகொண்டேயிருந்தது. "கைய எடுக்காதீங்க, நல்லா அழுத்துங்க!" ஆம்புலன்ஸில் எதிரே இருந்த நர்ஸ் கத்தினாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிக் காய்த்த கை. அவர் முழு பலத்தையும் கொடுத்தார்.

அவள் ராணுவத்தின் சட்டப்பிரிவில் கேப்டன். சட்டம் முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்கிறேன் என்றபோது அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வக்கீலுக்கு எதுக்குடி பூட்ஸு? வெளியில கோர்ட்டா இல்ல?"

"உள்ளயும் அடி வாங்குறவன் இருக்கான்பா. அவனுக்கு யாரு பேசுவா?"

ஆறு வருஷம் கழித்து, இன்றுதான் அவள் வாதாடுவதைப் பார்க்க முகாமுக்கு வந்திருந்தார். புதிதாகப் பயிற்சிக்கு வந்த ஒருவனை பெல்ட்டால் அடித்தே கொன்ற சார்ஜெண்ட்டின் வழக்கு. படிக்கட்டில் விழுந்து செத்தான் என்று முகாமே ஒரே குரலில் சொன்னது. எட்டு மாதம் துருவித் துருவி அதை உடைத்திருந்தாள் அவள். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது.

தாழ்வாரத்தில், "எப்படிப்பா பேசினேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் வாயெடுப்பதற்குள் சார்ஜெண்ட் காவலனின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டான்.

முகாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் மூச்சு நின்றது. டாக்டர் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அவளோடு வேலை பார்த்த ஒரு சிப்பாய் வந்து தோளைத் தொட்டான். "வாங்கப்பா." பின்புறம், ஓடு வேய்ந்த காவலறைக்குள் கூட்டிப் போனான். சார்ஜெண்ட் தரையில் கிடந்தான். நாலு பேர் சுற்றி நின்றார்கள். சுவரோரம் இரண்டு பற்கள்.

"நீங்களும் ஆத்திரத்த தீத்துக்கங்கப்பா. நாங்க யாரும் பாக்கல."

அவர் உதைத்தார். மறுபடி உதைத்தார். மூன்றாவது உதையில் விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை காலை ஓங்கியபோது மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மேஜர் ஒருவர் வாசலில் வந்து நின்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பக்கத்தறையில் உட்கார்ந்திருந்த எழுத்தரிடம் சாதாரணமாகச் சொன்னார். "கைதி படிக்கட்டுல விழுந்துட்டான்னு போட்டுடு."

பேனா நகரும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்திருந்தவர் எழுத்தரின் மேசைக்கு வந்தார்.

"படிக்கட்டு எங்க சார் இருக்கு?"

எழுத்தர் நிமிர்ந்தார். "என்னய்யா?"

"இந்தக் கட்டடத்துல. படிக்கட்டு எங்க?"

உள்ளே சார்ஜெண்ட் முனகிக்கொண்டிருந்தான்.

"நான் மூணு ஒத ஒதச்சேன். முன்னாடியே இவங்க அடிச்சிருந்தாங்க. அப்படியே எழுதுங்க."

மேஜர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, உங்க மேலயும் கேஸ் வரும். இந்த நெலமையில உங்களுக்கு இது எதுக்கு? வீட்டுக்குப் போங்க. பொண்ணுக்கு ஆக வேண்டியதப் பாருங்க."

"எழுதட்டும் சார். இருக்கேன்."

மேஜர் வெளியே போய்விட்டார். எழுத்தர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தார். பெயர், வயது, தொழில் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். முடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

அவர் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடி அங்கே இல்லை. எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. எழுத்தர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.