ஆறு வருடம் பூட்டிக் கிடந்த ரிப்போர்ட்

சாலமோனுக்கு ஈரலில் புற்றுநோய் என்றதும், குடித்தே கெட்டான் என்றது அவன் கான்ட்ராக்டில் வேலை பார்த்த தொழிற்சாலை. அவன் குடித்ததே இல்லை.

"ஹெபடைடிஸ் பி வைரஸ்மா," என்றார் டாக்டர், அவன் மனைவி ஷைனியிடம். "எல்லார் ஈரல் செல் மேலயும் கைப்பிடி மாதிரி ஒரு ரிசெப்டர் இருக்கு. அதைப் பிடிச்சுதான் வைரஸ் உள்ள நுழையுது. வருஷக்கணக்கா உள்ளயே இருந்தா புற்றுநோய் வரைக்கும் கொண்டு போயிடும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே அடக்கியிருக்கலாம்."

ஷைனி நேராகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய், தொழிற்சாலையின் மருத்துவ அறையில் அங்கே அவனுக்கு எடுத்திருந்த பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். ஆறு வருடத்துக்கு முன்பே ஹெபடைடிஸ் பி 'பாசிட்டிவ்' என்றிருந்தது.

"கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ரிப்போர்ட் குடுக்கறதில்லம்மா," என்றார் அதிகாரி.

"தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு வேலை வாங்கினியா?"

வெளியே வந்தவள், ஷிப்டு முடிந்து வந்தவர்களை வாசலிலேயே மறித்தாள்.

"உங்க ரத்தத்துல இன்னா கீதுன்னு இவங்களுக்குத் தெரியும். போய்க் கேளுங்க!"

பஸ் ஏறப் போன நாற்பது பேரும் மருத்துவ அறைக்குத் திரும்பினார்கள்.