உள் ரோடும் முன் கண்ணாடியும்

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் சின்னவள் தன் கணவனை "நீ" என்பாள். கதவைத் திறந்து இறங்கிவிட்டால் "நீங்க".

யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை இது. கல்யாணமான புதிதில் ஒரு காலை, அவன் எதற்கோ கேலி செய்யப்போக, "ஏய், நீ சும்மா இரு" என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகத்தில் மட்டும் ஏதோ பரிசு கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. மாமனார், மாமியார், மூத்தவர், ஓரகத்தி, அவர்களுடைய இரண்டு வாண்டுகள், அதற்குமேல் இவர்கள் இருவர். அந்த வீட்டுச் சுவர்கள் பேருக்குத்தான் நின்றுகொண்டிருந்தன. இவர்கள் அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து ஓரகத்தி "தைலம் வேணுமா?" என்பாள். ஒருநாள் படுக்கையில் அவன் அவள் காதோடு காதாக, "அடுத்த மாசம் ரெண்டு நாள் எங்கயாவது போலாமா?" என்று கேட்டான். மறுநாள் காலை மாமியார் தட்டை வைத்துக்கொண்டே, "போறதுன்னா மழைக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் அதன் பிறகு சின்னவள் அறைக்குள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

ஆகவே அந்த வண்டிதான் அவர்களுடைய தனி வீடு. குடும்பமே சேர்ந்து வாங்கிய புது மாடல் கார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உட்கார்ந்து, ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் கிய்யென்று கூவும். தூறல் விழுந்தால் வைப்பர் தானாக ஆடும். அதையெல்லாம்விட அவளுக்குப் பிடித்தது அதன் அமைதி. லாரிகள் பறக்கும் சுற்றுச்சாலையில்கூட உள்ளே முணுமுணுத்தால் கேட்கும். காலையில் அவளை மூக்குக்கண்ணாடிக் கடையில் இறக்கிவிட்டு அவன் தன் நில அளவை அலுவலகத்துக்குப் போவான். அங்கே வரைபடம் வரைவதுதான் அவன் வேலை. மாலையில் அவள் ரயிலில் திரும்பிவிடுவாள். உள் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அவன் சொன்னதால் கல்யாணமானதிலிருந்தே சுற்றுச்சாலைதான். அந்தச் சுற்றில்தான் அவர்கள் முதல் சண்டை, முதல் சமாதானம், அவளுடைய சின்ன வயது வம்புகள், அவன் யாரிடமும் சொல்லாத பயங்கள் எல்லாம் ஓடி முடிந்திருந்தன.

அந்தச் சாலையில்தான் ஒருநாள் லாரிச் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து முன் கண்ணாடியில் பட்டது. மிளகு அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதோடு போயிருக்கும். ஆனால் மாமனாருக்கு அந்த வண்டி மூன்றாவது பிள்ளை. பனி கொட்டிய ஒரு காலை, கண்ணாடியில் படிந்திருந்த பனியைப் போக்க வாளி நிறைய வெந்நீரை எடுத்துப்போய் ஊற்றிவிட்டார். 'டக்'கென்று ஒரு சத்தம். மிளகிலிருந்து ஒரு கோடு கிளம்பி, கண்ணாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வளைந்து ஓடியது.

"கார் மேல யாராவது வெந்நீர் ஊத்துவாங்களா?" என்று மாமியார் தலையில் கைவைத்தார்.

"அதுக்கும் குளிருமில்ல?" என்றார் மாமனார், காலி வாளியைப் பிடித்தபடி.

அன்று சாப்பாட்டு மேஜையில் மகாசபை கூடியது. கம்பெனிக் கண்ணாடியா, வெளிக் கண்ணாடியா?

"கம்பெனிதுன்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விலை. அதுக்கும் எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கணும். வெளியில செய்யறதுன்னா இன்னைக்கே இருக்காம்" என்றார் மூத்தவர். "கண்ணாடின்னா கண்ணாடிதான். என்ன, மூலையில கம்பெனி முத்திரை இருக்காது. முத்திரையைப் பார்த்தா வண்டி ஓட்டப் போறோம்?"

"நம்ம வீட்லயே கண்ணாடி நிபுணர் இருக்காளே, அவளைக் கேளுங்க" என்றாள் ஓரகத்தி.

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் கம்பெனிக் கண்ணாடிதான் வேண்டும். பழைய அமைதி அப்படியே வேண்டும். ஆனால் ஏன் என்று எப்படிச் சொல்வது? 'எங்களுக்குப் பேச வேற இடமில்லை' என்று இத்தனை பேர் நடுவில், இவ்வளவு அன்பாகச் சோறு போடுகிறவர்களிடம் சொல்ல முடியுமா?

"கம்பெனிதே போட்டா நல்லாயிருக்கும் அத்தான்" என்றாள் மெதுவாக.

"இதென்ன அநியாயம்! 'ஃப்ரேம்ல பேர் போட்டிருந்தா பார்வை கூடிடாது, பேர் போடாத கண்ணாடியும் கண்ணாடிதான்'னு எனக்கு விலை கம்மியா ஒண்ணை மாட்டிவிட்டது யாரு?" மூத்தவர் தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சாட்சி காட்டினார். மேஜையே சிரித்தது. தன் கத்தியே தன்னைக் குத்தியதில் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அது கிடக்கட்டும், கல்லு எங்கடா அடிச்சது?" என்று மாமனார் சின்ன மகனைக் கேட்டார்.

அவனுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. "ரோட்லதாம்ப்பா. விலை கம்மியா இருக்கிறதையே போட்டுடலாம். பேச்சை வளர்க்காதீங்க, சீக்கிரம் முடிப்போம்."

சின்னவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சீக்கிரம் முடிப்போமாம். சத்தமில்லாத அந்தக் காலைகள் எனக்கு மட்டும்தான் பெரிது போலிருக்கிறது, இவருக்கு அது வெறும் சவாரி. கேட்டுவிடலாம் என்றால் வண்டி கூடத்துக்கு வெளியே மூடிபோட்டு நிற்கிறது. அறையில் கேட்டால் பதில் மாமியாரிடமிருந்து வரும். அந்த வாரம் முழுக்க அவன் வெறும் "நீங்க"வாகவே இருந்தான்.

விடுமுறை நாளில் வண்டியைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோகக் கிளம்பினான். "நீ எதுக்கு அலையற? நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேங்க."

"வெயில்..."

"வண்டிக்குள்ள என்ன வெயில்?"

விரிசலோடு வண்டி ஊர்ந்தது. அவள் உம்மென்று வெளியே பார்த்தாள். மூத்தவர் சொன்ன கடை உள் ரோட்டில் இருந்தது. வண்டி அந்தத் திருப்பத்தில் திரும்பியதும் அவள் பள்ளங்களுக்குத் தயாராகக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். பள்ளமே வரவில்லை. வெண்ணெய் தடவிய மாதிரி ஒரு ரோடு. ஓரத்தில் நட்ட செடிகூடப் பூத்திருந்தது. அவள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது. ஆனால் அதற்குள் கடை வந்துவிட்டது.

கடையை நடத்துவது ஒரு பெரிய உடம்புக்கார அக்கா. ஒரு காம்பு கழன்று டேப் ஒட்டிய மூக்குக்கண்ணாடி அவள் மூக்கில் கோணலாகத் தொங்கியது. அதைப் பார்த்ததுமே சின்னவளுக்குக் கை துறுதுறுத்தது.

"கம்பெனிதுல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல சத்தத்தைக் குடிக்கிற ஒரு ஏடு இருக்கும்மா" என்றாள் அக்கா. "நீங்க கேட்ட வெளிக் கண்ணாடி உடைஞ்சாலும் சிதறாது, கேமராவும் சரியா உட்காரும். அதுல குத்தமில்ல. ஆனா அந்த ஏடு கிடையாது. என் வண்டி இதே மாடல், அந்தக் கண்ணாடிதான் போட்டிருக்கேன். சாவி இந்தாங்க, ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

அவன் ஓட்டினான். உள் ரோடு முடிந்து சுற்றுச்சாலையில் ஏறியதும் காற்று 'உஸ்ஸ்ஸ்' என்று உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"உள் ரோட்டை எப்ப சரி பண்ணாங்க?" என்றாள் அவள், வழக்கமான குரலில்.

"என்ன?"

"உள் ரோடு!"

"என்னது? கேக்கல!"

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "உள் ரோடு தோண்டிக் கிடக்குன்னு என்கிட்ட நீ பொய் சொன்னியா?"

கேட்டுவிட்டது. பக்கத்தில் போன ஸ்கூட்டர்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். காற்று அடங்கியது.

"பொய்யில்ல. தோண்டித்தான் போட்டிருந்தாங்க. நம்ம கல்யாணத்தப்ப."

"அப்புறம்?"

"அப்புறம் மூடிட்டாங்க."

"எப்ப?"

"அதுவும்... கல்யாணமான கொஞ்ச நாள்லயே." அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தே பேசினான். "அந்தப் பக்கம் போனா பாட்டு ஒண்ணு முடியறதுக்குள்ள உன் கடை வந்துடும். நீ பாதி கதையில இறங்கிப் போயிடுவ. சுத்துச்சாலைன்னா முழுக்கதையும் கிடைக்கும். அதான் சொல்லாம விட்டுட்டேன்."

ஊர் ரோடு அத்தனையையும் கோடு போட்டுக் கையில் வைத்திருப்பவன், தினமும் தெரிந்தே தப்பான ரோட்டில் போயிருக்கிறான்!

"அப்ப அந்தக் கல்லு..."

"உள் ரோட்ல லாரியே கிடையாது. கல்லு எங்க அடிச்சதுன்னு அப்பா தோண்ட ஆரம்பிச்சா மொத்தமும் வெளிய வந்துடும். அண்ணன் விட்டுருவானா? ஆயுசுக்கும் வெச்சு ஓட்டுவான். அதான் எதையாவது போட்டு முடிங்கன்னேன். கண்ணாடில என்ன இருக்குன்னு எனக்கு இப்பதான் தெரியும்."

ஒரு வாரமாக மூட்டைகட்டி வைத்திருந்த கோபம் அவளுக்கு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "லூசு. என்கிட்ட சொல்லியிருந்தா நானே இன்னும் ரெண்டு சுத்து சேர்த்துச் சுத்தச் சொல்லியிருப்பேன்ல!"

"இந்தச் சத்தத்துல அதைக் கத்தித்தான் சொல்லணும்" என்றான் அவன். "கம்பெனிதே போடுவோம்."

கடைக்குத் திரும்பிச் சொன்னபோது அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டை போட்டுட்டு வந்தீங்களா, சமாதானமாகிட்டு வந்தீங்களா? எதுவா இருந்தாலும் சரி. கம்பெனிதுக்கு ரொம்ப நாள் காத்திருக்கணும். வெளியிலயே அந்த ஏடு வெச்ச கண்ணாடி ஒண்ணு இருக்கு. விலை நடுவாந்தரம். முத்திரை கிடையாது. பார்க்கறீங்களா?"

ஸ்டாண்டில் நிறுத்திய கண்ணாடி வழியே எதிர்ச் சுவரின் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தபடி, சின்னவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். லென்ஸ் பார்க்கிற பழக்கம். கண்ணாடியில் குறையிருந்தால் கம்பிகள் நெளியும். ஓரத்திலும் பார்த்தாள், அடியிலும் பார்த்தாள். கம்பிகள் அடக்கமாக நேராக நின்றன.

"இதே போதும்" என்றாள். "பேர் போடாத கண்ணாடியும் கண்ணாடிதான். உள்ள என்ன வெச்சிருக்காங்கன்னு பார்த்து வாங்கணும், அவ்வளவுதான்."

வீட்டில் இதைச் சொல்ல அவள் ஒரு பிரசங்கமே தயார் செய்துகொண்டு போனாள். தேவைப்படவில்லை.

"கூடுற காசை நான் போடறேன்" என்றார் மாமனார் வாளியின் நினைவில்.

"சத்தம் வராத கண்ணாடியா? அதையே போடுங்க" என்றாள் ஓரகத்தி அவசரமாக. "எங்கம்மாகிட்ட ஃபோன்ல பேசணும்னா நான் வண்டிக்குள்ள போய்த்தான் உட்கார்றேன்."

"அப்படியா? அதான் நான் தூங்கப் போறப்பல்லாம் சீட்டு முன்னாடி தள்ளியிருக்கா?" என்றார் மூத்தவர். சொன்ன பிறகுதான் தான் எதை உளறினோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ஞாயிறு மதியங்களில் அவர் மறைகிற இடம் அம்பலமானது. மாமியார் மட்டும் புன்னகையோடு பாத்திரம் எடுத்துக்கொண்டு போனார்.

கண்ணாடி மாட்டும் நாளில் பசை காயும்வரை வண்டி கடையிலேயே நின்றது. காய்ந்ததும் அக்கா, கோடு போட்ட பலகை ஒன்றை எதிரே வைத்துக் கேமராவைச் சரிசெய்தாள். "புதுக் கண்ணாடி வழியாப் பார்க்க இதுக்குச் சொல்லிக்கொடுக்கணும். இல்லன்னா கோடு எங்கயோ இருக்க, இது எங்கயோ கூவும்."

"தெரியும்க்கா. புதுசாக் கண்ணாடி போட்டவங்க என் கடைப் படியில இறங்கறப்ப காலை அந்தரத்துல தூக்கி வெப்பாங்க" என்றாள் சின்னவள். பேசிக்கொண்டே அக்காவின் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்த குட்டித் திருப்புளியால் காம்பை முடுக்கி, டேப்பை உரித்தெறிந்துவிட்டு நேராக மாட்டிவிட்டாள். அக்கா சுற்றும் முற்றும் பார்த்து, "அட, என் கடை இவ்ளோ குப்பையாவா இருக்கு?" என்றாள்.

மறுநாள் காலை வீட்டு வாசலில், மாமனார் பச்சைத்தண்ணீரில் துடைத்துவைத்த வண்டியில் இருவரும் ஏறினார்கள். "போயிட்டு வர்றோம் அத்தை" என்று கையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தெருவின் இரைச்சல் கதவோடு நின்றுபோனது.

முனையில் வண்டி தயங்கியது. இடப்பக்கம் உள் ரோடு, வலப்பக்கம் சுற்றுச்சாலை. அவன் கேள்வியாக அவளைப் பார்த்தான்.

"உள் ரோட்ல ஏதோ குழாய் பதிக்கிறாங்களாம்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமலே. "நீ சுத்திக்கிட்டே போ."